புது மருந்து வந்திருக்காமே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மாத்திரைப் பழக்கத்தில் சிக்கிய பையன் இருக்கும் வீட்டில், அவன் இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ மறுபடி விழுந்த பிறகு, யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கொண்டுவந்துவிடுவார். வெளிநாட்டில் மாசம் ஒரு ஊசி வந்திருக்காமே, ஆப்பிரிக்க வேர் ஒன்று ஒரே ராத்திரியில் பழக்கத்தை அறுத்துவிடுமாமே, சர்க்கரைக்குப் போடும் ஊசியே இதற்கும் கேட்குமாமே. கேட்பதில் தப்பே இல்லை, உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் பதில் சொல்லும் முன் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: ஏற்கெனவே கொடுத்த மருந்து எந்த நேரத்தில், எவ்வளவு, எப்படி உள்ளே போனது? இதற்கு நேரான பதில் இல்லாத வீட்டில் ‘மருந்து கேட்கல’ என்ற பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது. கேட்காமல் போனது மருந்தாக இருக்காது. கொடுத்த விதமாக இருக்கும்.

இங்கே பேசுவது அபின் வகைச் சரக்கைப் பற்றி மட்டும். ஹெராயின் அதில் ஒன்று. நம் பக்கத்தில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை, சில இடங்களில் டிரமடால். அறுவை சிகிச்சைக்குப் பின்னும், முதுகு எலும்பு தேய்ந்தவர்களுக்கும் டாக்டர் எழுதும் நல்ல மருந்துதான். குவாரியில் கல் உடைக்கும் முதுகுக்கும், நாள் கணக்கில் லாரி ஓட்டும் இடுப்புக்கும் அது கேட்கும். வலி போன பிறகும் அட்டை தீரத் தீர வாங்கத் தோன்றும்போதுதான் கதை மாறுகிறது. கஞ்சா, சாராயம், தூக்க மாத்திரை எல்லாம் வேறு வகை. அவற்றுக்கான வைத்தியம் இதற்குப் பொருந்தாது.

இந்தப் பழக்கத்துக்கு நிரூபணமான மருந்துகள் மூன்று. மெத்தடோன், ப்யூப்ரினார்ஃபின், நால்ட்ரெக்ஸோன். மெத்தடோனை 1960-களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு டாக்டர்கள் இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். இந்தியாவில் சில மையங்களில் மட்டும்தான் அது உண்டு. நமக்கு நடைமுறையில் கிடைப்பது ப்யூப்ரினார்ஃபின், அதுவும் பெரும்பாலும் நாலாக்ஸோன் சேர்த்த மாத்திரை: 2 மி.கி. ப்யூப்ரினார்ஃபினுக்கு 0.5 மி.கி. நாலாக்ஸோன். நாக்கடியில் வைத்தால் நாலாக்ஸோன் அவ்வளவாக வேலை செய்யாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் உடனே நோவைக் கிளப்பும், அதாவது சரக்கு நின்றதும் உடம்பு படும் அவஸ்தையை. அதற்காகவே சேர்க்கிறார்கள். இது தெருமுனை மெடிக்கலில் கிடைக்கிற சரக்கு அல்ல, போதை மீட்பு மையம் வழியாகத்தான் வரும்.

அதிகம் கெட்டுப்போவது முதல் நாளில். காரணம் எளிது. மூளையில் அபின் வகை மருந்து போய் உட்காரும் இடங்கள் உண்டு. ப்யூப்ரினார்ஃபின் அந்த இடத்தை மற்ற பெரும்பாலானவற்றைவிட இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். உடம்பில் டேபென்டடால் இன்னும் உட்கார்ந்திருக்கும்போது இதை வைத்தால், அதை எழுப்பித் தள்ளிவிட்டு இது உட்காரும். முழு வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று பாதி வேலை. இரண்டு நாளில் மெல்ல ஏறவேண்டிய நோவு அரை மணி, ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும்: வாந்தி, பேதி, குளிர் நடுக்கம், எலும்புக்குள் குடைச்சல். அதை ஒருமுறை அனுபவித்தவன் அந்த மாத்திரையின் பேரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவான்.

இதைத் தவிர்க்க கடைசி மாத்திரைக்கும் முதல் ப்யூப்ரினார்ஃபினுக்கும் நடுவே 12 முதல் 24 மணி நேர இடைவெளி வேண்டும். அட்டையில் மெல்லக் கரையும் வகை என்று போட்டிருந்தால் 24-க்கு மேலும் ஆகலாம். அதனால் காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

இங்கேதான் நம் ஊர்ப் பயணம் குறுக்கே வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறவர்கள் விடியற்காலை தர்மபுரியில் பஸ் ஏறுவார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசல் எல்லாம் தாண்டி ஓ.பி. சீட்டு வாங்க எட்டு, ஒன்பது மணி ஆகும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி மாத்திரை என்றால் கணக்கு சரியாக வரும். பையனுக்கோ பஸ்ஸில் உடம்பு முறிக்குமே என்ற பயம். நாலு மணிக்கு யாருக்கும் தெரியாமல் ‘வழிக்கு ஒண்ணு’ போட்டுக்கொள்வான். சில வீட்டில் அம்மாவே கொடுப்பதுண்டு, “மூணு மணி நேரம் எப்படிம்மா உட்கார்ந்து வருவான்” என்று. அந்த ஒரு மாத்திரை முழு நாளையும் கெடுத்துவிடும். நேரத்தை மறைத்தால் முதல் டோஸிலேயே நோவு கிளம்பும், உண்மையைச் சொன்னால் சாயந்தரம் வரை காத்திருக்க வேண்டும் அல்லது மறுநாள் வர வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. பஸ்ஸுக்கு என்று எடுத்துப்போக வேண்டியவை: மாற்று உடை ஒன்று, பிளாஸ்டிக் பை இரண்டு, ஓ.ஆர்.எஸ். தண்ணீர், ஒரு போர்வை. பேதி வரும், பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. ரயில் நேரம் தோதுப்பட்டால் ரயிலே நல்லது. போகுமுன் ஒன்று: தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே மனநலப் பிரிவில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும் அருகில் உள்ள மையத்தைக் கேட்கலாம்.

நேரம் சரியாக இருந்தாலும் உடம்பைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். நோவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க காவ்ஸ் என்று ஒரு அளவுகோல் உண்டு. நாடித் துடிப்பு, வியர்வை, கருவிழிப் பாவை விரிந்திருப்பது, மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் என்று 11 அறிகுறிகள், மொத்தம் 48 மதிப்பெண். எட்டு, பத்தாவது வந்திருக்க வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் போயிருந்தால் இன்னும் பத்திரம். இதில் ஒரு சிறிய தவறு அடிக்கடி நடக்கும். மாடிப்படி ஏறி வந்தவனுக்கு அப்படியே நாடி பார்த்தால் 100-க்கு மேல் காட்டும். ஒரு நிமிடமாவது உட்காரவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ‘உடம்பு வலிக்குது’ என்று வாய் சொல்வதைவிடக் கையில் புல்லரித்து நிற்கும் மயிரை நம்பலாம், அதை யாரும் நடிக்க முடியாது.

முதல் டோஸ் பொதுவாக 2 அல்லது 4 மி.கி. ஒன்று, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்தது. முதல் நாள் பெரும்பாலும் 8 மி.கி.யோடு நிறுத்துவார்கள், அடுத்தடுத்த நாளில் தேவைக்கு ஏற்ப 12, 16 என்று போகும். வைக்கிற முறைதான் முக்கியம். முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்குங்கள். இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு வறண்ட நாக்கில் மாத்திரை கரையாது. பிறகு நாக்கைத் தூக்கி அடியில், நடு நரம்புக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வையுங்கள். இரண்டு மாத்திரை என்றால் பக்கத்துக்கு ஒன்று. பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, தலையைச் சற்றுக் குனிந்துகொண்டால் எச்சில் முன்பக்கம் தங்கும். முழுதாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். கசப்பு தாங்காமல் மூன்றாம் நிமிடம் விழுங்கிவிடுவார்கள். வயிற்றுக்குப் போன ப்யூப்ரினார்ஃபினை ஈரல் பெரும்பாலும் அழித்துவிடும். 8 மி.கி. கொடுத்ததாக நோட்டில் இருக்கும், ரத்தத்துக்குப் போனது அதில் கொஞ்சம்தான். சாயந்தரம் நோவு வரும், ‘மருந்து கேட்கல’ என்ற பேச்சும் வரும். கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்க வேண்டும். பல் கெடுவது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. நாள் கணக்கில் மலச்சிக்கல் இருக்கும். களியும் கீரையும் நிறையத் தண்ணீரும் உதவும், நான்கு நாளுக்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸ் நிலைக்கும்வரை ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம்.

தப்பித்தவறி நோவு திடீரென்று கிளம்பிவிட்டால் மருத்துவமனையை விட்டு ஓடாதீர்கள். கூடுதல் ப்யூப்ரினார்ஃபின் கொடுத்தோ, வாந்தி பேதிக்கு மருந்து கொடுத்தோ அடக்குவார்கள். அந்த நேரத்தில் வெளியே போய் டேபென்டடால் போட்டால் கேட்காது, இடம் ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. கேட்கவில்லையே என்று இரண்டு, மூன்று, ஐந்து என்று போடுவதில்தான் ஆபத்து. டேபென்டடாலும் டிரமடாலும் அளவு மீறினால் வலிப்பும் வரும்.

நோவு தணிக்க குளோனிடின் 0.1 மி.கி. மாத்திரை கொடுப்பதுண்டு. அது ரத்த அழுத்தத்தை இறக்கும். சித்திரை, வைகாசி வெயிலில், வாந்தி பேதியில் வற்றிப்போன உடம்பில் சடக்கென்று எழுந்தால் கண் இருட்டி விழுந்துவிடுவார்கள். படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

அடுத்த தவறு சீக்கிரம் நிறுத்துவது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா, ஒரு மாசத்துல நிறுத்துங்க சார்’ என்று வீட்டார் கெஞ்சுவார்கள். அவர்கள் வேதனை புரிகிறது. ஆனால் சரியான டோஸில் இருப்பவன் மயங்கிக் கிடப்பதில்லை, காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். மருந்தில் இருக்கும் காலத்தில் சாவு குறைகிறது, நிறுத்திய முதல் வாரங்களில் கூடுகிறது. நாடு நாடாகத் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. சர்க்கரை மாத்திரையை ஒரு மாதத்தில் நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி. மாத்திரை எதிர்ப்பக்கம் வேலை செய்வது. மூளையில் அபின் வகை உட்காரும் அந்த இடத்தை அடைத்துவிடும், போதை ஏறவே ஏறாது. தொடங்க 7 முதல் 10 நாள் அபின் வகை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, ஈரல் பரிசோதனையும் வேண்டும். இதில் ஒரு கொடுமை நடக்கிறது. ‘அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று பொடி, மாத்திரை விற்பவர்கள் இருக்கிறார்கள். சாராயத்துக்கு விற்ற அதே வியாபாரம். உள்ளே இருப்பது நால்ட்ரெக்ஸோன் என்றால், மாத்திரைப் பழக்கம் உள்ளவனுக்குக் குழம்பில் கலந்து கொடுத்த அரை மணியில் கடும் நோவு கிளம்பி, ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். என்ன நடந்தது என்று அவனுக்கும் தெரியாது, அவசரப் பிரிவு டாக்டருக்கும் தெரியாது. தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். செய்துவிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இனி புது மருந்துகளுக்கு வருவோம். மாதம் ஒரு ஊசி என்று கேள்விப்படுவது ப்யூப்ரினார்ஃபினேதான். அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது, சோதனைக் கட்டத்தைத் தாண்டியது. வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால் உள்ளே கட்டியாக உறைந்து மாதம் முழுக்கக் கசியும். முதல் இரண்டு மாதம் 300 மி.கி., பிறகு பொதுவாக 100. நரம்பில் ஏற்றினால் அங்கேயே உறைந்து உயிருக்கே ஆபத்து, அதனால் மருத்துவப் பணியாளர் கையால் மட்டும்தான். பென்னாகரம், அஞ்செட்டி மலைக்கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவனுக்கு இது பெரிய வரம். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நால்ட்ரெக்ஸோனுக்கும் 380 மி.கி. மாத ஊசி உண்டு. இந்த ஊசியையும் ப்யூப்ரினார்ஃபின்-நாலாக்ஸோனையும் 570 பேரிடம் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை 2018-இல் வெளியானது. ஊசிப் பிரிவில் 28 சதவீதம் பேரால் மருந்தைத் தொடங்கவே முடியவில்லை, மற்றதில் அது 6 சதவீதம். தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். எந்தப் புது மருந்தின் வெற்றிக் கணக்கைக் கேட்டாலும், தொடங்க முடியாமல் போனவர்களை அதில் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

ஆப்பிரிக்க வேர் என்பது இபோகெயின். காபோன் நாட்டுச் செடி. 1962-இல் ஹோவர்ட் லாட்சாஃப் என்ற ஹெராயின் பழக்கமுள்ள அமெரிக்க இளைஞர் அதை உட்கொண்டபின் தனக்கு நோவே வரவில்லை என்று கண்டதிலிருந்து இந்தப் பேச்சு தொடங்கியது. 2025-இல் டெக்சாஸ் மாநிலம் இதன் ஆராய்ச்சிக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அது இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி தயாராகும் நேரம் நீண்டு, துடிப்பு தாறுமாறாகிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். வாந்தி பேதியில் பொட்டாசியம் இறங்கிய உடம்புக்கு இன்னும் மோசம். இந்தியாவில் இதற்கு அனுமதி இல்லை. பண்ணை வீட்டில் வைத்துக் கொடுக்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகி, போதைப் பொருளைப் பிடித்து, மூளைக்குள் நுழைய முடியாத பெரிய உருண்டையாக்கிவிடும் என்பது கணக்கு. ஆனால் ஒரு தடுப்பூசி ஒரு சரக்குக்குத்தான். ஃபென்டனில் என்ற அபின் வகை மருந்துக்குச் செய்தது டேபென்டடாலைப் பிடிக்காது, ஏக்கத்தையும் தணிக்காது. செமாகுளூடைடு போன்ற சர்க்கரை ஊசிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், முடிவு வரட்டும். ஏற்கெனவே பசி செத்து எலும்பும் தோலுமாக இருக்கும் பையனுக்கு வாந்தியும் எடைக்குறைவும் தரும் ஊசியைக் கடையில் வாங்கிப் போடுவது நியாயமே இல்லை. கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடியால் என்ற பொருளைப் பற்றி 2019-இல் 42 பேரிடம் நடந்த சோதனையில் ஹெராயின் ஏக்கம் குறைந்தது. அது சுத்திகரித்த மருந்து, தினம் 400 அல்லது 800 மி.கி. அளந்து கொடுத்தது. கஞ்சா புகைத்தால் மாத்திரை விடலாம் என்பதற்கு அது சாட்சி அல்ல.

நிஜமான சோதனை ஒன்றில் சேர வாய்ப்பு வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் காகிதத்தைப் படியுங்கள். முதலில் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு, அந்த அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள். 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகள் அங்கே பதிவாக வேண்டும். அடுத்து, சோதனை மருந்துக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள் பொறுப்பு. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்த மொழியில் கேட்கலாம். படிக்கத் தெரியாதவர் என்றால் சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடன் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

படிவத்தில் தொழில், வருட வருமானம், அதற்குக் கீழே நாமினி பெயர், உறவு என்று கட்டங்கள் இருக்கும். அந்த நாமினி கட்டத்தைப் பார்த்ததும் அம்மாக்களின் கை நின்றுவிடும். “செத்தா காசு குடுக்கிறதுக்கா சார் எழுதச் சொல்றீங்க?” ஆமாம், அதற்கும்தான். இழப்பீட்டைக் கணக்கிடவும், யாரிடம் கொடுப்பது என்று முன்கூட்டியே தெரியவும் விதியே அதைக் கேட்கச் சொல்கிறது. அந்தக் கட்டம் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. அது இல்லாத வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்பவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாயால் கேட்க வேண்டியவை இரண்டு. புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் என்ன கொடுப்பீர்கள்? ‘ப்யூப்ரினார்ஃபின் தொடரும்’ என்றால் நல்லது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்றால் நிலையாக இருப்பவனை அனுப்பாதீர்கள். சேர்வதற்காக இப்போதைய மருந்தை நிறுத்தச் சொன்னால், அந்த இடைவெளியில் அவன் எங்கே, யார் கண்காணிப்பில் இருப்பான்? வீட்டில் என்றால் வேண்டாம். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

போலீஸ் பயத்தில் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். சங்கிலியால் கட்டிவைக்கும் இடம் எதுவாக இருந்தாலும் அது 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.

மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ சோதனை முடிந்தோ சுத்தமாகத் திரும்பிய பிறகு வரும் நாட்கள்தான் மிகக் கவலையானவை. நால்ட்ரெக்ஸோனை விட்டவனுக்கும் இதே கதை. உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும், பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். கூடவே நைட்ரசெபாம் என்ற தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தூங்குகிறான் என்று போர்த்திவிடாதீர்கள். குறட்டை வித்தியாசமாக இழுத்தால், உதடு நீலம் பூத்தால், கண்பாவை கடுகு போலச் சுருங்கியிருந்தால், நெஞ்செலும்பைக் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டு ‘மாத்திரை அதிகமாகப் போட்டுவிட்டான், மூச்சு சரியில்லை’ என்று வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள். நாலாக்ஸோன் ஊசி போட வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும். வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் இருப்பதைத் துடைத்தெடுங்கள். மூச்சே இல்லை என்றால் மல்லாத்தித் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடியும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். ஊசி போட்டு எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்’ என்பான். கூட்டிவராதீர்கள். நாலாக்ஸோன் அரை மணி, ஒரு மணியில் இறங்கிவிடும், அவன் போட்ட மாத்திரை அதற்குப் பிறகும் உள்ளே இருக்கும்.